மேடைக்கு மேலே கட்டிய ஷொப்பிங் பை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். கரண்ட் வேலை செய்கிறவனுக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்பது மட்டும்தான் பயம். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள், கண்டியில் அந்த ஹாலில் நடந்ததை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

என் அக்கா புருஷன் செல்வம் அங்கே லைட்காரர். மேடைக்கு மேலே இரும்புக் குழாயில் லைட்டுகள் தொங்கும், வயரெல்லாம் அதோடு ஓடும். நம் ஆட்கள் எந்த நிகழ்ச்சி என்றாலும் மேடையில் கற்பூரம் கொளுத்தாமல் தொடங்க மாட்டார்களே, அந்தப் புகைக்கு அலாரம் கத்தும் என்று ஹால் மேனேஜர் அதை ஷொப்பிங் பையால் மூடிக் கட்டிவிடுவான். போன வருஷம் மேலே பழைய வயர் உருகித் திரையில் தீப்பிடித்தபோது அலாரம் மூச்சே விடவில்லை. மேலே நின்ற மச்சான் இறங்க முடியாமலே செத்தார். அந்தப் படுபாவி மேனேஜர், செல்வம் மேலே போய் பீடி குடித்தான் என்று ஊரெல்லாம் சொன்னான். மச்சான் பீடியைத் தொட்டதே இல்லை. அக்கா கடைக்குப் போனால், "ஹால எரிச்சவன் பொண்டாட்டி" என்றார்கள். அவள் அழவில்லை. "அவன் வாயாலயே சொல்ல வைக்கணும்டா, எல்லார் முன்னாடியும்" என்பாள், அவ்வளவுதான்.

ஹாலைத் திருத்தித் திறந்த பிறகு ஓர் அரங்கேற்ற ஒத்திகைக்கு லைட் போடப் போனேன். பட்டப்பகல். நிமிர்ந்து பார்த்தால் புது அலாரத்திலும் பை! நேரே மேனேஜரிடம் போனேன்.

"என்ன சேர் இது, மறுபடியுமா? ஒரு உசுரு போனது பத்தலையா?"

"கற்பூரம் காட்டணும் தம்பி, இது கத்துனா ஃபங்ஷன் கெட்டுப்போகும். ஒன் மச்சான் மட்டும் பீடி குடிக்காம இருந்திருந்தா..."

பிள்ளைகள், தாய்மார், மிருதங்கக்காரர் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் சொல்லி முடிக்கவில்லை, தலைக்கு மேலே ஒரு லைட் பளீரென்று எரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு நான் இன்னும் கரண்டே கொடுக்கவில்லை, பிளக் அந்தரத்தில் தொங்குகிறது. அவன் விலகினான், லைட்டும் அவன் பக்கம் திரும்பியது. யாராவது கையால் பிடித்துத் திருப்பினால்தான் அது திரும்பும். மேலே ஆளே இல்லை. ஓடினான், விடவில்லை, முதுகில் சட்டை கருகி நாற்றம் வந்தது. நான் காப்பாற்றப் போகவில்லை. நல்லா அனுபவி என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான் பை கட்டுனேன்! செல்வம் கழட்டச் சொல்லி சண்ட போட்டான், நான்தான் கேக்கல! அவன் பீடி குடிக்கல!" என்று நடு மேடையில் கும்பிட்டு விழுந்தான். லைட் அணைந்தது. ஏணி வைத்து ஏறி முதலில் அந்தப் பையைக் கிழித்தெறிந்தேன். பிறகு லைட்டைத் தொட்டால் கை வைக்க முடியாத சூடு.

நேரே கட்டுகஸ்தோட்டைக்கு, அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவள் தண்ணீர் பேசினுக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அடுப்பு காலையிலிருந்து மூட்டவே இல்லை. நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

"எல்லாரும் இருக்கும்போதுதானே சொன்னான்?" என்று கேட்டாள்.

இன்றைக்கும் அவள் தேத்தண்ணி நீட்டும்போது அந்தத் தழும்பு கண்ணில் படும். அது எப்படி வந்தது என்று நான் கேட்டதே இல்லை, கேட்கப் பயமாக இருக்கிறது.