லெட்சுமியைக் காப்பாற்றியது நானல்ல

வெலிமடைச் சந்தையில் லீக்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தபோது மகனிடமிருந்து போன் வந்தது. "அப்பா, சிவகாமி மிட்வைஃபம்மா காலையில தவறிட்டாங்களாம்." வாங்கியதை அங்கேயே போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக நான் இருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சிவகாமி அங்கே மருத்துவமாதாக வந்து சேர்ந்தார். கொழுந்து பறித்த தாயின் மகள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளையொன்று வெள்ளைச் சீருடையில் வருகிறதே என்று தோட்டமே பூரித்தது. எனக்கு மட்டும் எரிச்சல்; அவர் கேள்வி அதிகம் கேட்பார்.

மசக்கை வாந்தி என்று வரும் பெண்களிடம், "எத்தன தடவ வாந்தி எடுத்த?" என்று கேட்டு மாத்திரை கொடுப்பது என் வழக்கம். அவரோ, "காலையிலேருந்து எத்தன தடவ ஒண்ணுக்குப் போன?" என்பார். "வெளிய வந்தத விட, உள்ள எவ்வளவு தங்குச்சின்னு பாக்கணுங்க ஐயா" என்று எனக்கே சொல்வார். அதிகப்பிரசங்கி என்று நினைத்துக்கொள்வேன்.

லெட்சுமிக்கு அப்போது மூன்றாம் மாதம். ஒரே வாரத்தில் இரண்டு முறை வந்தாள். "மசக்கைதான், போகப் போகச் சரியாயிரும்" என்று இரண்டு முறையும் மாத்திரையோடு அனுப்பினேன். அந்த மாத்திரையும் வாந்தியில் போயிற்று. குடித்தால்தானே வாந்தி வருகிறது என்று வீட்டார் தண்ணீரையும் நிறுத்திவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள்.

லயத்துக்குப் போன சிவகாமி, கண் குழிந்து நாக்கு வறண்டு கிடந்தவளைப் பார்த்தார். முந்தின நாளிலிருந்து சிறுநீரே போகவில்லை. கொழுந்து லொறி புறப்பட நின்றது. நேரே போய் அதன் முன்னால் நின்றுகொண்டார்.

"கொழுந்து அப்புறம் போகட்டும். இந்தப் புள்ள இப்பப் போகணும்."

கணக்கப்பிள்ளை முறைத்தார். இவர் அசைந்தால்தானே! பதுளை ஆஸ்பத்திரியில் வைட்டமின் ஊசி போட்டு, சேலைன் ஏற்றினார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் இரண்டு உயிரும் தங்கியிராது என்றார்களாம். திரும்பி வந்தவளை சிவகாமி தினமும் போய்ப் பார்த்தார். படுக்கையை விட்டு எழும்புமுன் காய்ந்த பிஸ்கட், பிறகு மிடறு மிடறாகத் தண்ணீர் என்று வீட்டாருக்குக் காட்டிக் கொடுத்தார். பெண் குழந்தை பிறந்தது.

பேர் என்னவோ எனக்குத்தான். டாக்டரையா சரியான நேரத்தில் அனுப்பி வைத்தாராம்! அப்படிச் சொல்லி வைத்ததே சிவகாமிதான். ஏன் என்று கேட்டேன். "உங்க மேல நம்பிக்க போச்சுன்னா ஜனங்க டிஸ்பென்சரிப் பக்கமே வரமாட்டாங்க. இனிமே நீங்களும் அந்தக் கேள்வியக் கேளுங்க, போதும்" என்றார்.

அன்றிலிருந்து கேட்டேன். அதன்பின் எங்கள் தோட்டத்தில் வாந்தியால் ஒரு தாயையும் நாங்கள் இழக்கவில்லை. அவரோடு வேலை செய்தவன் என்று மார்தட்டிச் சொல்வேன். ஆனால் அந்தப் பேரை மட்டும் வெட்கமில்லாமல் இத்தனை வருடம் வைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மயானத்தில் எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டேன். "லெட்சுமியத் திருப்பி அனுப்பினவன் நான். காப்பாத்தினது இவங்க."

மகளின் தோளைப் பிடித்தபடி நின்ற லெட்சுமி என்னைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாதாங்க ஐயா? மாத்திரைய வாங்கிட்டுப் போனவளே நான்தானே. மிட்வைஃபம்மா சொல்ல வேணாம்னாங்க. நானும் சொல்லல."

ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். நிம்மதியாகப் போய் வாருங்கள், அம்மா. இனி உண்மையை நாங்களே சொல்லிக்கொள்கிறோம்.