ஒன்றாம் மாடியில் அக்கா

லிஃப்ட் மெக்கானிக்குக்கு நாற்பத்தாறு வயது, தலையில் பாதி நரை. குடும்பத்தில் அவன் பெயர் இன்னும் வாண்டுதான். தற்பெருமையில் ஒரு குறையும் வைக்க மாட்டான். எட்டு வயதில் அவன் ஆடுவதற்கென்று அக்கா ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதிக் கொடுத்தாள். மேலே பாயும் லிஃப்டைப் பட்டன் தட்டி ஒவ்வொரு மாடியிலும் சரியாக நிறுத்த வேண்டும். எழுதியவளே நாலாம் மாடியில் கோட்டை விடுவாளாம், இவன் பத்து மாடியும் தொடுவானாம். கை நிதானம் தனக்குப் பிறவியிலேயே வந்தது என்று நாலு பேர் கூடினால் ஆரம்பித்துவிடுவான். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவாள். அவள் மருத்துவமனையில் தலைமை நர்ஸ். அந்த ஒன்றைத் தவிர வாழ்நாளில் வேறு புரோகிராம் எழுதியதில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் என்றைக்கோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. போன வருடம் பரணில் அந்த விளையாட்டைப் பதிந்து வைத்த கேசட் மட்டும் கிடைத்தது. லேப்டாப்பைப் பழைய கம்ப்யூட்டராக நடிக்க வைக்கும் எமுலேட்டரில் அதை ஏற்றப் பார்த்தான். நாற்பது தடவை முரண்டு பிடித்துவிட்டு நாற்பத்தோராவது தடவை ஏறியது. அதற்கடுத்த முறை டேப் சிக்கி நார் நாராகிவிட்டது. நல்லவேளை, அதற்குள் எமுலேட்டரில் சேமித்துவிட்டிருந்தான்.

அங்கே சேமிப்பது என்றால் ஒரு நொடியை அப்படியே நிறுத்தி வைப்பது. லிஃப்ட் ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில் நிற்கும். ஒரு வாரம் கழித்துத் திறந்தால், பாதியில் விட்ட பீப் சத்தத்தின் மீதிப் பாதி கேட்கும். ஒவ்வொரு தடவையும் அவனுக்குப் புல்லரிக்கும். சேமிக்கப் பத்து இடம் உண்டு, அவற்றை மாடி என்றே சொல்வான். ஒன்றாம் மாடி அக்காவுக்கு. மற்றதில் எந்த விளையாட்டு வேண்டுமானாலும் குடியேறலாம்.

உன் விளையாட்டு உயிரோடு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து பார் என்று அக்காவிடம் சொல்லியிருந்தான். நம்பாவிட்டாலும் அவள் ஷிஃப்டை மாற்றிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை அவன் கை சும்மா இருக்கவில்லை. பழைய பத்திரிகையில் வந்த ஒரு குட்டி புரோகிராமை அடித்துப் பார்க்க ஆசை. முதலில் ‘நியூ’ என்று அடித்து எல்லாவற்றையும் துடைக்கச் சொல்லியிருந்தது. அக்காவின் விளையாட்டை நிறுத்திவிட்டு அப்படியே அடித்தான். பிறகு மனசு மாறி ஒன்றாம் மாடியைத் திறக்கப் போனான். திறக்கும் பட்டனுக்குப் பக்கத்திலேயே சேமிக்கும் பட்டன். விரல் அதில் விழுந்தது. பிறவியிலேயே வந்த நிதானம் அல்லவா! ஒன்றாம் மாடியில் இப்போது வெறும் நீலத் திரை.

எந்த லிஃப்டிலும் இரண்டாவது பிரேக் இருக்கிறதா என்று பார்க்கிறவன், தன் வீட்டில் ஒரு நகல் எடுத்து வைக்கவில்லை. மத்தியானம் சோறு இறங்கவில்லை.

“உங்க அக்காகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க,” என்றாள் மனைவி.

பழைய கம்ப்யூட்டர் பித்தர்கள் கூடும் இணையக் குழுவில் போய்ப் புலம்பினான். மாலைக்குள் முகம் தெரியாத ஒருவர் பதில் போட்டார். அந்தக் கம்ப்யூட்டர் ‘நியூ’ என்றால் எதையும் துடைப்பதில்லை. புரோகிராம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிடும். கீழே உள்ள ஒரு வரியை அடியுங்கள், நினைவு வந்துவிடும்.

அடித்தான். கடகடவென்று வரிகள் ஏறி வந்தன, அக்கா பதினைந்து வயதில் ஒற்றை விரலால் தட்டிய அத்தனை வரிகளும். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை காலம் ஆடினானே தவிர, உள்ளே என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்கத் தோன்றியதே இல்லை. இப்போது ஒவ்வொரு வரியாகப் படித்தான். எழுபதாவது வரியில் நின்றுவிட்டான். ஆடுகிறவர் பெயர் வாண்டு என்றால் லிஃப்ட் பாதி வேகத்தில் போகட்டும் என்று எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். வாயில் கை வைத்துக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு ஆடி, நாலாம் மாடியில் கோட்டை விட்டாள். நீதான் இதில் புலி, நீ ஆடு என்று எழுந்துகொண்டாள்.

திரை பெயர் கேட்டது. அவன் அக்காவின் பெயரை அடித்தான். லிஃப்ட் சீறிக்கொண்டு கிளம்பியது. மூன்றாம் மாடியைக்கூட அவனால் பிடிக்க முடியவில்லை.

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். “உள்ள படிச்சிட்டியாடா?”

“ஏன்க்கா அப்படி எழுதின?”

“தோத்தா நீ சாப்பிட மாட்டே.”

“முப்பத்தெட்டு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே.”

“சொல்லலாம்னுதான் இருந்தேன்,” என்றாள் அக்கா. “அதுக்குள்ள நீ நிஜ லிஃப்டையே நிறுத்த ஆரம்பிச்சிட்டே.”