தறிவீட்டு வாசலில் ஒரு விமானம்

சங்கரன்கோவிலில் வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் தொழில். நீங்களும் இதே தொழில் என்றால் உங்கள் சட்டைப் பையிலும் பிரஷர் மாத்திரை இருக்கும்.

எந்த ரோடு?

தறி போட்டிருக்கும் சண்முகம் ஒரு காகிதத்தோடு வந்தார். அவர் மகன் கணேசன் பைலட். விமானக் கம்பெனி அவனைச் சம்பளத்துக்கு வைக்கவில்லை. கான்ட்ராக்ட். பறந்த மணிக்குத்தான் பணம். பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, எல்லாம் அவனேதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கினேன். அவர் காதில் ஏறியது கான்ட்ராக்ட் ஒன்றுதான். நம்மூரில் கான்ட்ராக்டர் என்றால் ரோடு போடுகிறவர்.

"பைலட்டுக்குல்லா படிக்க வச்சேன் அண்ணாச்சி. இவன் எந்த ரோட்டப் போட்டான்?"

போர்டு

சொந்தத் தொழில் என்றால் ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டும். தொழில் நடக்கும் இடத்தின் வாசலில் நம்பர் எழுதிப் போர்டு மாட்ட வேண்டும். இவன் தொழில் நடப்பது வானத்தில். வாசலுக்கு எங்கே போக? வீட்டு முகவரியைக் கொடுத்தோம். வீட்டின் முன்பக்கம் தறி. பேரும் நம்பரும் போதும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். சண்முகம் 'பைலட்' என்று சேர்த்து, பக்கத்தில் விமானமும் வரைய வைத்துவிட்டார். மறுவாரமே கடையநல்லூர்க்காரர் ஒருவர் பாஸ்போர்ட்டோடு வந்து நின்றார்.

"தறியக் கொஞ்சம் நிறுத்துங்க அண்ணாச்சி, ஒண்ணும் கேக்கல. துபாய்க்கு டிக்கெட் என்ன ரேட்டு?"

பாலிசி

பைலட்டுக்கு வருஷா வருஷம் டாக்டர் சோதனை உண்டு. தகுதியில்லை என்று எழுதிவிட்டால் அன்றோடு வருமானம் நின்றது. அதற்கென்றே ஒரு பாலிசி இருக்கிறது, போடு என்று கணேசனிடம் மூன்று தடவை சொன்னேன். "பாப்போம் சார்" என்றான், மூன்று தடவையும். அப்புறம் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா மேலநீலிதநல்லூர்க்காரர், தாலுகா ஆபீசில் இருந்து ரிட்டயரானவர். நேரே என்னிடம் வந்து பென்ஷன் உண்டா என்றார். இல்லை. லீவுக்குச் சம்பளம்? இல்லை. பாலிசி விவரத்தைச் சொன்னேன். எழுந்து செருப்பை மாட்டினார்.

"அந்தப் பாலிசி காப்பி என் கைக்கு வரட்டும். பொறவு பத்திரிகை அடிப்போம்."

இரண்டே நாளில் கையெழுத்துப் போட்டான்.

காது

கல்யாணமான மறுவருஷம் காதில் கோளாறு. பறக்கக் கூடாது என்று டாக்டர் எழுதினார். கணேசன் வீட்டில் உட்கார்ந்தான். மனைவிக்கு ஏழு மாதம். வேறு வருமானம் இல்லை. பாலிசிப் பணம் கேட்டு மனுப் போட்டேன். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்தவர் வாசலிலேயே நின்று போர்டை அண்ணாந்து பார்த்தார்.

"யாவாரம்தான் போர்டு மாட்டி நடக்கே. பொறவு என்ன வருமானம் நின்னு போச்சுங்கீய?"

அவரை உள்ளே உட்காரவைத்து, ஜி.எஸ்.டி. சர்டிபிகேட்டைக் காட்டி, சட்டத்தைச் சொல்லி, டாக்டர் எழுதியதைப் படித்துக் காட்டி முடிக்க அரை நாள் ஆயிற்று. கடைசியில் சரி என்று எழுதிக்கொண்டார். வெளியே வந்தால் சண்முகம் பெயின்ட் டப்பாவோடு ஏணியில் நிற்கிறார்.

"நம்பர் இருக்கட்டும். விமானத்த மட்டும் அழிச்சாப் போதும்லா, அண்ணாச்சி?"

பணம் வந்தது. என் தொழிலில் ஒரு விமானத்தைப் பெயின்ட் அடித்துத் தரையிறக்கியது அந்த ஒரு தடவைதான்.