பொட்டு வைக்காத துப்பாக்கி

துப்பாக்கி ரிப்பேர் பார்க்கிறேன் என்று சொன்னால் போதும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். பயப்பட ஒன்றுமில்லை. திருப்பதியில் அலிபிரி போகிற ரோட்டில் ஒரு ஏர் ரைஃபிள் பயிற்சி மையம். அங்கே எனக்கு வேலை. இதற்கு முன்னால் சத்தியவேடு பக்கம் பிளாஸ்டிக் வார்க்கும் ஃபேக்டரியில் இருந்தேன். அந்தப் பழக்கதோஷத்தில்தான் வாயை விட்டேன். அடுத்து வாங்கும் ஆறு துப்பாக்கிகளும் மரக்கட்டையும் இரும்பும் வேண்டாம், பாலிமரில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். குழல் இரும்புதான். தோளில் அணைக்கும் கட்டையும், விசையும், விசையைச் சுற்றிய வளையமும் மட்டும் பாலிமர்.

மையத்தை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற ஹவில்தார், சித்தூர்க்காரர். கனமில்லாததை அவர் துப்பாக்கியாகவே மதிப்பதில்லை. வாங்கினார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஆயுத பூஜை வரைக்கும் உடையாமல் நின்றால் தன் கையாலேயே அதற்கும் பொட்டு வைப்பாராம். ஒன்று உடைந்தாலும் ஆறும் கடைக்கே திரும்பிப் போகும். அதன் பிறகு நான் எண்ணெய் போடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆபீஸில் ஒரு புதுச் சாமானுக்கு நீங்கள் சிபாரிசு செய்து, அது மக்கர் பண்ணும் போதெல்லாம் எல்லோரும் உங்களையே திரும்பிப் பார்த்து, நெளிந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள்.

தட்டிப் பார்க்கும் வியாதி

பாலிமரைப் பார்த்ததும் யாராக இருந்தாலும் முதலில் செய்வது விரல் முட்டியால் தட்டுவதுதான். 'டொக்' என்று சத்தம் வந்ததும் முகம் சுருங்கிவிடும். காளஹஸ்தியில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருப்பவர் ஒருவர், மகள் காவ்யாவைப் பயிற்சிக்குச் சேர்க்க வந்தார். அவருக்குத் தட்டுவதே தொழில். தட்டிப் பார்த்துவிட்டு, பெண்ணுக்கு இரும்பே கொடுங்கள், அதுதான் நாள்பட உழைக்கும் என்றார்.

நான் வாதம் பண்ணவில்லை. ஸ்பேர் டப்பாவிலிருந்து இரண்டு விசை வளையங்களை எடுத்துத் தரையில் போட்டேன். ஒன்று இரும்புத் தகடு, இன்னொன்று கண்ணாடி நார் கலந்த நைலான். இரண்டையும் மிதியுங்கள் என்றேன். நல்ல ஆகிருதியான மனிதர். தகடு நசுங்கி, நசுங்கினபடியே கிடந்தது. அதைத் திரும்ப மாட்டினால் விசையில் உரசும். நைலான் அமுங்கி, அவர் காலை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்தது. நம்பாமல் இன்னொரு தரம் மிதித்தார், அப்போதும் நிமிர்ந்தது. காவ்யா சிரித்தேவிட்டாள். அவர் மட்டும் அதைக் கையில் வைத்துக்கொண்டு கவலையோடு பார்த்தார்.

"எங்க கடையில நசுங்கினா எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துக்கறோம். இது நசுங்கவே மாட்டேங்குதே, கடைக்காரன் இன்னாத்த துன்றது?"

தின்னர் வைத்தியம்

எதிரி எப்போதும் உள்ளேயிருந்துதான் வருவான். குப்பத்தில் கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் லீவு நாளில் சுடப் பழக வருவார். தங்கமான மனிதர். எடுத்த பொருளைச் சுத்தமாகத் திருப்பி வைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், கல்லில் கறை எடுக்கும் தின்னரைத் துணியில் நனைத்து என் பாலிமர் துப்பாக்கி ஒன்றை முழுசாகத் துடைத்துவிட்டார். நைலான் கட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குறி பார்க்கும் முனையில் ஒரு சின்ன மூடி உண்டு. அது வேறு மலிவான பிளாஸ்டிக். வெளுத்துப் போய், மயிரிழை போல ஒரு விரிசலும் விட்டுவிட்டது.

மறைக்க மனசு வரவில்லை. நேராக ஹவில்தார் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பிளாஸ்டிக் என்றால் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் இல்லை, மூடி வேறு ஜாதி, கட்டை வேறு ஜாதி என்று விளக்கினேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரிசலை மட்டும் வெகு நேரம் பார்த்தார். குப்பத்துக்காரர்தான் என்னை விட அதிகமாக வருத்தப்பட்டார்.

"கல்லுக்கு ஊத்துனா பளபளங்குது, இதுக்கு ஊத்துனா வெளுத்துப் போவுதே அக்கா."

மூலையில் ஆறு

ஆயுத பூஜையன்று இரும்புத் துப்பாக்கிகளெல்லாம் மேஜையில் வரிசையாகப் படுத்திருந்தன. சார் சந்தனத்தைத் தண்ணீர் தாராளமாக விட்டுக் கரைத்து, குழலுக்கொன்று, வளையத்துக்கொன்று என்று அள்ளி அப்பினார். அதன் மேல் குங்குமம். என் ஸ்க்ரூ டிரைவருக்குப் பொட்டு, அவர் ஸ்கூட்டருக்குப் பொட்டு, தண்ணீர் மோட்டாருக்குப் பொட்டு. ஸ்டேப்ளரைக்கூட விட்டுவைக்கவில்லை. என் ஆறும் மூலையில் சாத்தியபடி நின்றன. காவ்யாவுக்குப் பொறுக்கவில்லை. சார் திரும்பி நின்ற நேரத்தில் சந்தனத்தைத் தொட்டு, தான் சுடும் பாலிமர் துப்பாக்கியின் கட்டையிலும் வளையத்திலும் பொட்டு வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலப் பொரி சாப்பிட உட்கார்ந்துவிட்டாள்.

நான் கேட்டேவிட்டேன். ஆறில் ஒரு கட்டையாவது உடைந்ததா, வாக்குக் கொடுத்தீர்களே என்று. மூடி விரிசல் விட்டது விட்டதுதானே என்றார் அவர். அடுத்த வாரம் சித்தூரில் மாவட்ட அணிக்குத் தேர்வு, பிள்ளைகள் இரும்பில்தான் சுடுவார்கள், அது முடிந்ததும் ஆறையும் பேக் பண்ணு என்றார். எல்லோர் முன்னாலும் சொன்னதால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"காயலாங்கடை மோட்டாருக்குக்கூடப் பொட்டு வெப்பேம்மா. பொம்மைக்கு வெக்க மாட்டேன்."

மறுபூஜை

பூஜையில் வைத்த சாமானை மறுபூஜை முடியும்வரை தொடக் கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். மறுநாள் மறுபூஜை முடிந்திருந்தால் நான் எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டிருப்பேன். ஆனால் சார் அன்று ராத்திரியே, பேரனுக்குக் காய்ச்சல் என்று பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டார். சாவியும் அவரோடு போய்விட்டது. தான் வரும்வரை யாரும் கை வைக்கக் கூடாது என்று போனில் உத்தரவு வேறு. அந்த வாரம் முழுக்கத் திருப்பதியில் நசநசவென்று மழை.

சித்தூர் தேர்வுக்கு முதல் நாள் வந்து கதவைத் திறந்தார். சூடம் காட்டிவிட்டு ஒரு துப்பாக்கியின் பொட்டைத் துடைத்தார். அடியில் அதே வட்டத்துக்குத் துரு. அடுத்ததிலும் துரு. வளையத்திலிருந்து வழிந்த சந்தனம் விசைக்குள் இறங்கிக் காய்ந்து கெட்டியாகி, இரும்பையும் அரித்திருந்தது. ஒரு விசை அமுங்கவில்லை, இன்னொன்று அமுங்கினால் திரும்பவில்லை. நான் காவ்யாவின் துப்பாக்கியை எடுத்தேன். அதிலும் அதே சந்தனம், அதே ஒரு வாரம், அதே மழை. ஈரத் துணியால் ஒரே இழுப்பு. பொட்டு இருந்த சுவடே இல்லை. விசை சுகமாக அமுங்கித் திரும்பியது. என் துப்பாக்கிக்கும் குழலில் பொட்டு வைத்திருந்தால் துருப்பிடித்துத்தான் இருக்கும் என்பதையும் சொல்லிவிட்டேன். ஜெயிக்கும்போது நியாயமாக ஜெயிக்க வேண்டும். அவர் துப்பாக்கியை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்து, பொட்டிருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

மறுநாள் காலை வேனில் ஏறியவை என் ஆறும்தான். கிளம்பும் முன் சார் வீட்டிலிருந்து குங்குமம் கொண்டுவந்து, ஆறின் கட்டைகளிலும் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்தார். குழல் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை. நான் அப்போதே ஜெயித்துவிட்டேன். சித்தூரில் காவ்யாவின் பெயரைத் தேர்வானவர்களில் படித்தது அதற்கு மேல் கிடைத்த பாயசம். அங்கே வேறொரு மையத்துப் பயிற்சியாளர் எங்கள் துப்பாக்கியை முட்டியால் தட்டி, பிளாஸ்டிக்கா என்று உதட்டைப் பிதுக்கினார். நான் வாயைத் திறப்பதற்குள் ஹவில்தார் சார் முன்னால் போய் நின்றார்.

"உங்க இரும்பை ஒரு வாரம் பொட்டு வெச்சிப் பூட்டி வெச்சிப் பாரு சார். எது ஆயுதம், எது பொம்மைன்னு அதுவே சொல்லும்."

இப்போது எங்கள் மையத்தில் இரும்புக்கும் பாலிமருக்கும் பாரபட்சமில்லாமல் பொட்டு விழுகிறது. விடிந்ததும் ஓடிப்போய் இரும்புக்கு வைத்ததை மட்டும் துடைத்து எண்ணெய் போடுவதுதான், ஜெயித்தவளுக்குக் கூடுதலாகக் கிடைத்த வேலை.