மஞ்சள் மீசைக்காரன்

கொள்ளை ஈ பிரிக்கிற தொழிலில் முதல் பாடம், மீசையைப் பார். இரண்டாம் பாடம், அந்த மீசையை நம்பாதே. பறக்கிற பூச்சியைப் பாய்ந்து பிடித்துச் சாறை உறிஞ்சுகிற ஈக்கள் இவை. லென்ஸுக்கு அடியில் வைத்து இவற்றை இனம் பிரிப்பதுதான் மாத்தளையில் ஒரு பூச்சி ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. மூன்று மாதம் தற்காலிகம். கடைசியில், இனத்துக்கொரு பெட்டியாக நாம் குத்தி வைத்த ஈக்களைச் சோதித்துத்தான் நிரந்தரமாக்குவார்கள். கண் எரிய வேலை செய்கிறவர்களே, பிள்ளை தூங்கின நேரத்தில் பயந்து பயந்து எழுதுகிறேன், உங்களுக்குப் புரியும்.

நூல் போடலாமே

வில்கமுவ வயல் வரப்பில் பிடித்த இரண்டு இனங்கள்தான் என் உயிரை வாங்கின. ஒன்றுக்கு வெள்ளை மீசை, மற்றதுக்கு மஞ்சள். மற்றபடி அச்சு அசல் ஒன்றே. ஒரு நாள் ஆய்வுகூடத்துக்கு வந்த பக்கத்து வீட்டு பரீதா ராத்தா லென்ஸில் கண் வைத்துப் பார்த்தார்.

"இதுல ஆம்பிளை எது?"

"மீசைய வச்சுச் சொல்ல ஏலாது ராத்தா. பொம்பளைக்கும் இருக்கு."

"ஐயோ பாவம்! நூல் போட்டு மீசைய எடுத்துவிடு புள்ள, கல்யாண வீட்டுக்குப் போகட்டும்."

ஒரே பீரியட்

மீசை பழசானால் நிறம் மாறும். அப்போது ஆண் ஈயின் வயிற்று நுனியில் இருக்கும் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். நான் கொன்வென்ட்டில் வளர்ந்தவள். லேபலில் 'வால்' என்றே எழுதிவந்தேன்.

ஒரு நாள் கண்டி பஸ்ஸில், எனக்கு உயிரியல் படிப்பித்த சிஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எப்படிப் பிரிக்கிறாய் என்று கேட்டார்.

"வாலைப் பார்த்து, சிஸ்டர்."

"ஈக்கு ஏது பிள்ள வால்?"

காதோடு சொன்னேன். சிஸ்டர் பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தார். "அந்தப் பாடத்த நான் ஒரே பீரியட்ல ஓட்டி முடிச்சேன், நீ அதையே தொழிலாக்கிட்டியே!"

பருப்பு

சோதனைக்கு முதல் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். பெட்டிகளை வீட்டுக்கே கொண்டுவந்து, ஒரு வாய் பருப்புச் சோறு ஊட்டுவது, ஒரு ஈ பார்ப்பது என்று மாறி மாறிச் செய்தேன். கடைசி ஈயில் மாட்டிக்கொண்டேன். மீசை பளீரென்று மஞ்சள். வாலோ வெள்ளை மீசைக்காரனுடையது. பெட்டி மாறினால் வேலை போச்சு. மாதாவை நினைத்துக்கொண்டு, வாலை நம்பி, வெள்ளைப் பெட்டியில் குத்தினேன்.

மறுநாள் சோதிக்க வந்த ஆய்வுகூடத்து மேடம் நேரே அந்த ஈயைத்தான் எடுத்தார். ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் மீசையைத் தடவினார். மஞ்சள் பிரஷ்ஷில் வந்தது, மீசை வெளுத்தது. பிரஷ்ஷை மோந்து பார்த்தார்.

"பெட்டி சரிதாம்மா, மீசையில இருக்கிறது உங்க வீட்டுப் பருப்பு. திங்கக்கிழமையில இருந்து நீங்க நிரந்தரம், கையக் கழுவிட்டு வாங்க!"

வேலை நிலைத்தது, இப்போதெல்லாம் கையையும் கழுவுகிறேன், லேபலில் 'வால்' என்று மழுப்பாமல் அந்த வார்த்தையையும் முழுசாக எழுதுகிறேன்.