மூன்றாவது நெம்பு

கட்டையைக் கீழே வைக்கிறார். காலால் மிதிக்கிறார். எடுத்துப் புரட்டி, விரல் கணுவால் தட்டிப் பார்த்து, மறுபடி வைக்கிறார். கடப்பாரையோடு நிற்கும் மூவரும் பல்லைக் கடிக்கிறார்கள். எங்கள் அச்சகத்தில் இயந்திரங்களை இடம் மாற்ற வந்த கூட்டத்தில் அவருக்குப் பெயர் ‘முட்டுக்கட்டை’. கடப்பாரைக்கு அடியில் முட்டுக் கொடுப்பவர் என்று வைத்த பெயர். இப்போது வேலையை நகரவிடாதவர் என்று பொருள்.

ஐம்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு. ஆனால் முட்டு அமைந்துவிட்டால் கடப்பாரையின் நுனியை அவர் அழுத்த, இரண்டு டன் இரும்பு ஒரு விரற்கடை எழும்பும்.

“நெம்புறதுல மூணு வகை. முட்டு நடுவுல இருந்தா கடப்பாரை. சுமை நடுவுல இருந்தா தள்ளுவண்டி. ரெண்டும் நம்ம ஆளு சார். மூணாவதுதான் துரோகி” என்று முழங்கையை மடக்கிக் காட்டினார். “இதுதான் முட்டு. சுமை உள்ளங்கைல. இழுக்குற சதை முட்டை ஒட்டியே நிக்குது. பத்துக் கிலோவுக்கு எழுபது, எண்பது கிலோ இழுக்கணும். சோறு திங்கத்தான் லாயக்கு.”

நான்கு வருடங்களுக்கு முன், அவசரத்தில் கட்டைக்குப் பதில் செங்கல்லை வைத்தார். அது நொறுங்கியது. சாய்ந்த இயந்திரத்தின் கீழே இருந்தவர் தங்கையின் கணவர். உயிர் மிஞ்சியது; இடுப்புக்குக் கீழே உணர்வு மிஞ்சவில்லை.

அன்றுமுதல் தினமும் காலையில் தங்கை வீட்டுக்குப் போய், அவரைத் தூக்கி ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைக்கிறார். மைத்துனர் அவரிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. “கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவுல பலகை போட்டு நகர்த்தலாமேண்ணா” என்று தங்கை ஒருமுறை கேட்டாளாம்.

“மாப்பிள்ளையை நெம்பச் சொல்றியா? இன்னொரு தடவையா?” என்றாராம்.

போன மாதம் அவருடைய வலது தோள் சதை கிழிந்தது. எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தங்கையிடம் அதைச் சொல்லவில்லை. சைக்கிள் ஓட்ட முடியாத அவரை ஒருநாள் காலை நான்தான் அழைத்துப் போனேன்.

மைத்துனரின் காலில் செருப்பு மாட்டி, அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். பாதி எழுந்த உடல் மெத்தையில் சரிந்தது. நான் முன்னால் போனேன். “நீங்க தள்ளி நில்லுங்க சார்” என்றார். இரண்டாம் முறை, கழுத்து நரம்புகள் புடைத்தன. மூன்றாம் முறை, வலியில் அவரே கட்டில்மேல் கவிழ்ந்தார்.

“விடுங்க மச்சான்.”

வாசலில் தங்கை அப்படியே நின்றுவிட்டாள். நான்கு வருடத்தில் மைத்துனர் அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு.

“ஜன்னல்ல எனக்குப் பார்க்க என்ன இருக்கு? வீதில போறவன் காலைத்தான் பார்க்கணும். உங்க மனசுக்காகத்தான் இத்தனை நாளும் உக்கார்ந்தேன்.”

முட்டுக்கட்டை கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்ந்து, சற்று முன் தான் மாட்டிவிட்டிருந்த செருப்புகளை, இடது கையால் ஒவ்வொன்றாகக் கழற்றினார்.