சிவப்புக் கட்டத்துக்குள் எழுதாதே

டிக்கெட்டக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் குடியிருந்தது. பேனாவை இடம் மாற்றி வைத்தால் கத்துவார். டீயில் சர்க்கரை கூடிப்போனால் கத்துவார். இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி, அதே கத்தல். அவர் போட்டுக்கொடுத்த பயணத்தில் எவரும் நடுவழியில் நின்று முழித்ததில்லை என்பதால், முதலாளி காதில் பஞ்சை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவந்தார்.

கடலுக்குள் மூழ்கிப் பார்க்கிற ஆசைக்காரர்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதுதான் அந்த அலுவலகத்தின் பிழைப்பு. அக்காவுக்கு நீச்சல் தெரியாது. வாளிக்கு மேல் ஆழமான தண்ணீரில் கைவிட்டதில்லை. ஆனால் மூச்சுக்கருவி கைப்பையில்தான் போக வேண்டும், டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும், காற்று சிலிண்டரை அங்கேயே வாடகைக்கு எடுக்க வேண்டும், காப்பீடு எத்தனை மீட்டர் ஆழம்வரை செல்லும் என்று படித்துப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ரப்பர் உடுப்புக்கு இடுப்பளவு கேட்டால் பெரிய மனிதர்களெல்லாம் இரண்டு அங்குலம் குறைத்துச் சொல்வார்கள். அக்கா அவராகவே மூன்று அங்குலம் கூட்டி எழுதிவிடுவார்.

அவர் திட்டம் போடும் முறையே வேறு. மற்றவர்கள் கிளம்பும் நாளிலிருந்து எழுதுவார்கள். அக்கா திரும்பிவரும் விமானத்தை முதலில் எழுதுவார். அதிலிருந்து பின்னோக்கி வருவார். விமானம் ஏறுகிற நாளைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு கட்டம் போடுவார். அந்தக் கட்டத்துக்குள் தண்ணீர் கிடையாது. கடைவீதி போகட்டும், கோட்டையைப் பார்க்கட்டும், அறையில் குறட்டை விடட்டும். கடலில் கால் நனைக்கலாம், தலை நனையக் கூடாது.

காரணம் சின்னது. ஆழத்தில் மூச்சு விட்டவன் உடம்பில் காற்று கரைந்து நிற்கும். அது மெல்லமெல்ல வெளியேற ஒரு நாளாவது ஆகும். அதற்குள் விமானம் ஏறினால், மேலே காற்றழுத்தம் குறைந்ததும் சோடா மூடியைத் திறந்த மாதிரி உள்ளுக்குள்ளே குமிழி கிளம்பும். அது முதுகுத்தண்டில் போய் நின்றால் ஆள் அவ்வளவுதான்.

மத்தியதரைக் கடல் தீவு ஒன்றுக்கு எட்டுப் பேர் கிளம்ப ஐந்து நாள் இருந்தது. எல்லாரும் பல் டாக்டர்கள். ஞாயிறு போய், மறு சனி இரவு ஏழே முக்காலுக்குத் திரும்பும் விமானம். சனிக்கிழமைக்குச் சிவப்புக் கட்டம். அக்கா எழுதிக்கொடுத்த தாளை முதலாளி அழகாக அச்சடித்துவந்து மேசையில் வைத்திருந்தார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

சனிக்கிழமை. காலை ஏழு மணி. மூழ்கிய கப்பலைப் பார்க்க முப்பது மீட்டர் ஆழ டைவ்.

அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: அங்குள்ள படகுக்காரர்கள் கேட்டால், விமானம் மறுநாள் என்று சொல்லவும்.

அக்காவுக்கு உச்சந்தலை கொதித்தது. தாளைத் தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்குள் நுழைந்தார். கதவைத் தட்டுகிற பழக்கம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை.

“யார் எழுதினது இது?”

“உக்காரும்மா. அந்தக் கப்பலுக்கு சனிக்கிழமைதான் படகு போகுதாம். அவங்களைக் கூட்டிட்டுப் போற பெரிய டாக்டர் அதைப் பாக்காம வரமாட்டேங்கிறார்.”

“பாத்துட்டு எப்படி வருவாரு? நடந்தா, தூக்கிட்டா?”

“எடுத்ததுக்கெல்லாம் அபசகுனமா பேசாதே.”

“பொய் சொல்லச் சொல்லி எழுதியிருக்கீங்களே, அது மட்டும் சகுனமா? படகுக்காரனுக்குத் தெரிஞ்சா ஏத்த மாட்டான்னு உங்களுக்கே தெரியுது. தெரிஞ்சும் எட்டுக் குடும்பத்துத் தலையில கல்லத் தூக்கிப் போடுறீங்க!”

முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அகப்பட்டுக்கொண்டால் அவர் அதைத்தான் துடைப்பார். “என்கிட்ட ஏன் பாயுற? டாக்டரும் எங்கேயோ படிச்சுட்டு, ஒரு நாள் இடைவெளி வேணுமேன்னு கேட்டார். நம்ம நீச்சல்தான் போன்ல பேசி, பன்னெண்டு மணி நேரம் போதும்னு சொன்னான். அவனுக்குத் தெரியாததா?”

அக்கா கத்தாமல் தாளோடு திரும்பி நடந்தார். அது அந்த அலுவலகம் காணாத அதிசயம்.

நீச்சல் என்பது அடுத்த மேசைக்காரன். ஒருகாலத்தில் நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுத்தவன். கடலைத் தெரிந்தவன் என்று வாடிக்கையாளர்கள் அவன் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொள்வார்கள். மேசை ஓரத்தில் சாய்த்திருக்கும் இரண்டு ஊன்றுகோல்களைப் பார்த்து யாராவது கேட்டால், “வண்டியில விழுந்துட்டேன்” என்பான். அவன் எந்த வண்டியிலும் விழவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே அலுவலகத்தில் டிக்கெட் வாங்கிப் போய், அதே மத்தியதரைக் கடலில் காலையில் மூழ்கி, மாலையில் விமானம் ஏறினான். இறங்கும்போது இடுப்புக்குக் கீழே அவன் சொன்ன பேச்சைக் கால் கேட்கவில்லை. உள்ளே கிளம்பிய குமிழியைக் கரைக்கிற அழுத்த அறையில் படுக்கவைத்து ஆறு மாதம் வைத்தியம் பார்த்ததில் இந்த அளவுக்காவது எழுந்து நின்றான். முதலாளி வேலை போட்டுக்கொடுத்தார். வெளியே சொல்லாதே என்றார். அவனும் சொல்லவில்லை.

அக்கா அவன் மேசைமேல் தாளை அறைந்தார்.

“சூடு கண்ட பூனைகூட அடுப்பங்கரைப் பக்கம் போகாதுடா. நீ பூனையிலயும் சேத்தி இல்லையா?”

அவன் தாளைப் பார்க்கவில்லை. “முதலாளி சொல்லச் சொன்னார்க்கா. டாக்டர் போயிட்டா வேற கம்பெனி புடிச்சிக்கும்னார். எனக்கு இந்த வேலைய விட்டா வேற என்ன இருக்கு? மாடி ஏறிப் போய் எவன்கிட்ட வேலை கேப்பேன்?”

“அதுக்காக? எட்டுப் பேருக்கு ஆளுக்கு ரெண்டு கோலு வாங்கித் தரப்போறியா?”

“எல்லாருக்கும் ஆகுமா என்ன? எனக்கு நேரம் சரியில்ல, ஆச்சு.”

“நேரமா? வாயில நல்லா வந்துடும்! போன எடு. டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லு.”

“நீங்களே சொல்லுங்க.”

“நான் சொன்னா சும்மா கத்துறேன்னு நினைப்பாங்க. உன் வாயால சொன்னாத்தான் நம்புவாங்க.”

“மாட்டேன்க்கா. என் விதி, என்னோட போகட்டும்.”

விதி என்ற சொல்தான் அக்காவைத் தள்ளிவிட்டது. ஒன்பது வருஷமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தது, கோபத்தோடு கோபமாக வெளியே விழுந்தது.

“விதியும் இல்ல, வெங்காயமும் இல்ல! அன்னைக்கு நீ வந்து நின்னு என்ன கேட்ட? ‘மறுநாள் ஃபிளைட் இருக்கான்னு பாருங்கக்கா, கடைசி நாளும் டைவ் பண்ணணும்’னு கேட்டியா இல்லையா?”

“ஆமா. சீட் இல்லன்னு சொன்னீங்க.”

“பாக்காமலே சொன்னேன்டா! கடை சாத்துற நேரம். கம்ப்யூட்டரை அணைச்சுட்டேன். மறுபடி போடச் சோம்பல். இல்லன்னு சொன்னேன். உனக்கு இப்படி ஆனப்புறம் போட்டுப் பாத்தேன்.”

அலுவலகத்தில் பிரிண்டர் ஒன்று மட்டும் தாளை இழுத்துக்கொண்டிருந்தது. முதலாளி அறை வாசலில் வந்து நின்றார், கண்ணாடியும் துணியும் கையுமாக.

நீச்சல் கேட்டான். “எத்தனை சீட் இருந்துச்சு?”

“பதினொண்ணு.”

அவன் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் அக்கா தலை குனிந்து வாங்கிக்கொண்டிருப்பார். ஒரு ஊன்றுகோல் சரிந்து விழுந்தது. அக்கா குனிந்து எடுக்கப்போனார். அவன் கையை நீட்டித் தடுத்துவிட்டு, தானே எட்டி எடுத்துச் சாய்த்து வைத்தான். பிறகு போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்து எண்ணை அழுத்தினான்.

“வேணாம்டா, சொன்னாக் கேளு” என்றார் முதலாளி.

“டாக்டர் சார், நீச்சல் பேசுறேன். பன்னெண்டு மணி நேரம் போதும்னு சொன்னேன்ல? அது பொய். நீங்க படிச்சதுதான் சரி.”

மறுமுனையில் டாக்டர் சிரித்தார். “என்னப்பா, முந்தாநாள் ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு? அந்தக் கப்பலுக்காகத்தான் நாங்க போறதே.”

“சார், நான் வண்டியில விழலை.”

சிரிப்பு நின்றது. அவன் காலையில் எத்தனை மீட்டர் இறங்கினான், எத்தனை மணிக்கு விமானம், எந்த நேரத்தில் கால் விரல் மரத்தது, பக்கத்து சீட்காரரிடம் எப்படிக் கழிவறைக்குத் தூக்கிவிடச் சொல்லிக் கெஞ்சினான் என்று ஒன்று விடாமல் சொன்னான். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.  டாக்டர் கடைசியில், கப்பலையும் பார்க்க வேண்டும், அங்கிருந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்ப முடியுமா, திங்கட்கிழமை மருத்துவமனையை மூடிக்கொள்கிறோம் என்றார்.

முதலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாளைக்கு அந்த மேசையும் நாற்காலியும் அவனுக்கு இருக்குமா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். அதற்கும் சண்டை போட வேண்டும் என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டார். யாரோடு போடுவது, எந்த முகத்தோடு போடுவது என்றுதான் தெரியவில்லை. இத்தனை வருஷமாக யார் யார் மேலோ பாய்ந்த கோபமெல்லாம் யார் மேல் என்பது இன்றைக்கு அவருக்கே வெட்டவெளிச்சமாகியிருந்தது.

நீச்சல் எட்டுப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி அக்காவின் மேசைப்பக்கம் நகர்த்தினான். அறிமுகமான நாளிலிருந்து அக்கா என்றே கூப்பிட்டவன்.

“மேடம், எட்டுப் பேருக்கும் ஞாயித்துக்கிழமை ராத்திரி. சீட் இருக்கான்னு சொல்லுங்க.”

அக்கா தலையாட்டினார்.

“பாத்துட்டுச் சொல்லுங்க” என்றான்.